தகரக்காரியின் தம்பி

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். இடது காது மட்டும் போன மாதத்தைவிட இன்னும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது. இத்தனை வருடம் விமானத் தகட்டில் ஆணி அடிக்கிற ரிவெட் துப்பாக்கியோடு குடித்தனம் நடத்தினால் காது மிஞ்சுமா? நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள்? என் மருமகள் வாயாடிக்கு முன்பல் விழுந்ததா? தொலைபேசியில் நீ பேசுவது தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்கிறது. அதனால் வழக்கம்போல் கடிதம்.

சேதி உனக்கும் வந்திருக்கும். நேற்று எங்கள் மேலாளர் விமானத்தின் இறக்கை ஓரமாக ஏணியில் ஏறி நின்று, உங்கள் பெரிய கம்பெனியும் எங்கள் சின்னக் கம்பெனியும் ஒன்றாகிறோம் என்று அறிவித்தார். எலியும் பூனையும் ஒன்றாவதுபோல என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்.

எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. இவ்வளவு நாளும் உன் ஊருக்கு வரவேண்டுமென்றால் நான் இந்த வேலையை விட்டுவிட்டு உன் கம்பெனியில் புது ஆளாகச் சேர வேண்டும். பணிமூப்பு அத்தனையும் போய்விடும். நேற்று சேர்ந்தவனுக்குப் பின்னால் நின்று, அவன் வேண்டாமென்று விட்ட ஷிப்டை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பயந்துதான் இந்த அறையில் ஒற்றைத் தட்டைக் கழுவிக்கொண்டு கிடக்கிறேன். இப்போது ஒரே கம்பெனி. என் வருடங்களைக் கையோடு எடுத்துக்கொண்டு உன் பக்கத்தில் வந்துவிடலாம்.

விமானங்களைப் பழுது பார்க்கிற எங்கள் ஹேங்கரில் கருவிப் பெட்டிகளைச் சுவரோரம் வேலையில் சேர்ந்த வரிசைப்படிதான் நிறுத்துவோம். டீ அறைக்குப் பக்கத்தில் முதல் பெட்டி ஒரு பெரியவருடையது. வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசுவார். அடுத்தது என்னுடையது. கடைசிப் பெட்டி பெரிய கதவோரம், மழைச்சாரலில். நானும் அங்கிருந்து ஆரம்பித்தவள்தான். உன் ஹேங்கரில் எனக்கு ஓர் இடம் பார்த்து வை. சாரல் அடிக்காத இடமாக.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் நன்றாக இருக்கிறோம். பல் விழுந்துவிட்டது. ஓட்டை வாயோடு முன்னைவிட அதிகமாகப் பேசுகிறாள். உன் காதை இனியும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டு.

செய்தி கேட்டதும் எனக்கும் முதலில் உன் ஞாபகம்தான் வந்தது. வீட்டில் சொன்னேன். உன் மருமகள் உடனே ஒரு விமானம் வரைந்தாள். மூன்று இறக்கை. மூன்றாவது எதற்கு என்றால் அது அத்தைக்கு என்கிறாள். ஹேங்கரில் என் பெட்டிக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆனால் அக்கா, அவசரப்படாதே. உங்கள் கம்பெனியில் பழைய ஆட்கள் அதிகம். எங்கள் கம்பெனி கிடுகிடுவென்று வளர்ந்தது, பாதிப் பேர் பின்னால் சேர்ந்தவர்கள். சேர்ந்த தேதியை மட்டும் பார்த்து இரண்டு பணிமூப்புப் பட்டியலையும் ஒன்றாக்கினால், வருகிறவர்கள் எல்லாம் தங்கள் தலைக்கு மேல் ஏறி உட்காருவார்கள் என்று இங்கே பயப்படுகிறார்கள். இதைப் பேசுவதற்கு எங்கள் சங்கம் ஒரு குழு போட்டிருக்கிறது. என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள். நான் கேட்கவில்லை. வாய் இருக்கிறது என்று போட்டுவிட்டார்கள்.

மறக்காமல் மருத்துவரைப் பார்.

தம்பி


மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

சுகம்தான். மருத்துவரைப் பார்த்தேன். ‘சத்தமில்லாத வேலையாப் பாருங்க’ என்று எழுதிக் காட்டினார். விமானத்துக்குச் சத்தமில்லாமல் ஆணி அடிக்க அவருக்குத் தெரியும்போல. உங்கள் வீட்டில் யாருக்கும் சளி காய்ச்சல் இல்லையே?

இங்கே சங்க ஓட்டு முடிந்தது. ஒரு கம்பெனியில் மெக்கானிக்குகளுக்கு ஒரு சங்கம்தான் இருக்கலாமாம். எங்களுடையதா உங்களுடையதா என்று பெட்டி வைத்தார்கள். முடிவை ஓட்டுப் போடும் முன்பே சொல்லியிருக்கலாம். நாங்கள் ஒரு கைப்பிடி, நீங்கள் ஒரு மூட்டை.

எங்கள் சங்கச் செயலாளரைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன். மைக் செட் என்று கூப்பிடுவோம், அவ்வளவு தொண்டை. எனக்கு ஒரு சொல் விடாமல் காதில் விழுகிற ஒரே மனிதர் அவர்தான். முடிவு வந்த அன்று பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு, சங்க அறையிலிருந்த டீக் கெட்டிலை என்னிடம் கொடுத்தார். ‘இதையாவது அவங்க கூட்டிச் சேர்க்காம இருக்கட்டும்’ என்றார். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார். அவர் குரல் இல்லாவிட்டால் எனக்கு ஹேங்கரே காலியானது மாதிரி.

இனி என் சங்கமும் உன் சங்கம்தான். என் குறையைக் கேட்கும் பிரதிநிதி என் தம்பி! உன் மூக்கைத் துடைத்துவிட்டவள் உன் முன்னால் மனுவோடு வந்து நிற்கப்போகிறேன். காலம் செய்த கோலம்.

முதல் மனு இதோ: எங்களை வரிசையில் எங்கே வைக்கப் போகிறீர்கள்? உங்கள் கடைசி ஆளுக்கும் பின்னால் என்று இங்கே புகைகிறது. நீதான் குழுவில் இருக்கிறாயே, சொல்.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. முன்னறைக்கு வெள்ளையடித்தோம். அதில் ஒரு வாரம் போனது. பிறகு வாயாடிக்கு வயிற்று வலி. ஒன்றுமில்லை, பள்ளிக்கூடம் போகாமலிருக்க வந்த வலி. என் வீட்டுக்காரிக்கும் வேலையில் பொறுப்பு கூடியிருக்கிறது. அதனால் எனக்குப் பகல் ஷிப்ட் கிடைத்தது நல்லதாயிற்று. ஆறு மணிக்கு நான் வீட்டில் இருக்கிறேன். மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

வரிசை விஷயம் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. வெளியே சொல்லக்கூடாது என்று கட்டளை.

காதுக்கு ஒரு சொட்டு மருந்து அனுப்பியிருக்கிறேன். குளிர்காற்றில் நிற்காதே.

தம்பி


மே 4

அன்புத் தம்பிக்கு,

மருந்து வந்தது. விட்டுக்கொள்கிறேன். காதில் சொட்டு மருந்து விட்டுக்கொள்ள இன்னொரு கை வேண்டும் என்பது இப்போதுதான் தெரிகிறது. பாதி கழுத்தில் போகிறது. மருமகளுக்கு வயிறு சரியாயிற்றா?

வரிசை விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாமல், நடுவர் ஒருவர் முன்னால் வழக்காடினீர்களாமே. மைக் செட் எங்கள் பக்கத்துக்காகப் போய் வந்தார். அவர் சொல்லித்தான் உங்கள் யோசனை எங்களுக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் எல்லாரும் உங்கள் கடைசி ஆளுக்குப் பின்னால். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். உங்கள் வருடம் வருடம், எங்கள் வருடம் வெறும் காலண்டர் தாள்.

உங்கள் பக்கத்தில் இதை எழுந்து எடுத்துச் சொன்னவர் நன்றாகப் பேசினாராம். அது யார் என்று சொல்ல மைக் செட் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். நான் கெட்டிலைக் கழுவப் போய்விட்டேன்.

என் அறையில் அழைப்பு மணிக்கு ஒரு விளக்கு மாட்டியிருக்கிறேன். மணி கேட்காது, யாராவது வந்து அழுத்தினால் கட்டிலுக்கு எதிரே பல்பு எரியும். நானே ஒயர் இழுத்தேன். பல்பு இன்னும் புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது.

பதில் போடு. ஒரு வரியானாலும் போதும்.

உன் அக்கா


ஜூன் 22

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் காணோம். உடம்புக்கு ஒன்றுமில்லையே? உன் வீட்டுக்காரி, குழந்தை எல்லாரும் சௌக்கியந்தானே?

நடுவர் தீர்ப்பு வந்துவிட்டது. முன்னால் பின்னால் எல்லாம் கிடையாது, எந்தக் கம்பெனியானாலும் வேலையில் சேர்ந்த தேதிதான் கணக்கு என்று சொல்லிவிட்டார். மைக் செட் போட்ட கூச்சலில் என் செத்த காதுக்கும் உயிர் வந்தது. முதல் பெட்டிக்காரர்கூட ‘நல்லது’ என்றார். அந்த வாரத்து வார்த்தை அதோடு தீர்ந்தது.

இப்போது ஒவ்வொருவரும் விரும்புகிற ஊரை எழுதித் தர வேண்டும். மூப்பில் மேலே இருப்பவருக்கு முதலில். கடைசியில் எது மிஞ்சுகிறதோ அது கடைசி ஆளுக்கு. உன் ஊரில் இடங்களைக் குறைத்துவிட்டார்கள் என்றும் போட்டிருக்கிறது. புதுப் பட்டியலில் உன்னைத் தேடினேன். எனக்கு நெடுந்தூரம் கீழே இருக்கிறாய். உன் ஊரை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள், எந்தப் பெயரோடு இடம் தீர்ந்து கோடு விழும் என்பது எனக்குத் தெரியாது. பிரதிநிதி உனக்குத் தெரியும்.

அதனால் மரியாதையாகவே கேட்கிறேன். நான் உன் ஊரைக் கேட்டால் உன் இடத்துக்கு ஏதாவது ஆகுமா? ஆகும் என்றால் ஒரு வரி எழுது. நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். எனக்குப் பழகிய அறைதான். வருத்தம் இருக்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் கோபம் இருக்காது.

பத்து நாளில் எழுதித் தர வேண்டும்.

உன் அக்கா


ஜூன் 27

அக்கா,

எல்லாரும் நலம். நீயும் நலம்தானே?

எனக்கு ஒன்றும் ஆகாது. வா.

வாயாடி உன் வரவை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

தம்பி


ஆகஸ்ட் 18

தம்பிக்கு,

சுகமா என்று கேட்க வாய் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். சுகமாக இருக்கிறாயா?

நேற்று முன்தினம் உன் வீட்டு வாசலில் மூட்டை முடிச்சோடு வந்து நின்றேன். உன் வீட்டுக்காரி கதவைத் திறந்தாள். தம்பி எங்கே, வேலைக்குப் போயிருக்கிறானா என்றேன். ‘நேத்தே கிளம்பிட்டாரே, உங்க ஊருக்கு’ என்றாள். எனக்குத்தான் காது சரியில்லை என்று மறுபடியும் கேட்டேன். அவள் என் வலது காதுப் பக்கம் வந்து நின்று சத்தமாகச் சொன்னாள்:

‘உங்க ஊருக்குத்தான் அண்ணி. நீங்க விட்டுட்டு வந்த ஊர்லதான் இடம் மிச்சமாம். உங்களுக்குத் தெரியாதா?’

தெரியாது என்றேன். அவள் என்னை நம்பினாளா என்று தெரியவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். காப்பி கொடுத்தாள். விருந்தாளிக்கு வைக்கிற நல்ல டம்ளரில் கொடுத்தாள்.

மறுநாள் வேலைக்குப் போனேன். ஹேங்கரில் என் கருவிப் பெட்டியை எங்கே நிறுத்துவது என்று சூப்பர்வைசரைக் கேட்டேன். காலியாக இருந்த ஓர் இடத்தைக் காட்டினார். சுவரில் மூன்று இறக்கை விமானம் ஒட்டியிருந்தது. நல்ல இடம். சாரல் அடிக்காது.

ஒரு வரி கேட்டேனே. ஏன்டா?

அக்கா


செப்டம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அங்கே மூவரையும் நலம் கேட்டேன் என்று எழுத எடுத்தேன். நாங்கள் மூவர் என்று எழுதியே கைக்குப் பழகிவிட்டது. இப்போது அந்த மூவரில் நீ இருக்கிறாய்.

உன் அறையைத்தான் எடுத்திருக்கிறேன். வீட்டுக்கார அம்மா உன் சாவியைக் கொடுத்தார். ஜன்னல் மூடவில்லை, தோளால் இடிக்க வேண்டியிருக்கிறது. உன் பல்பையும் பார்த்தேன். இன்னும் புதிதாகத்தான் இருக்கிறது.

நடுவர் முன்னால் எழுந்து பேசியவன் நான்தான். ‘வந்து சேருறவங்க பின்னாடிதான் நிக்கணும்’ என்று நான்தான் சொன்னேன். நன்றாகத்தான் பேசினேன். பேசும்போது உன் முகம் ஒரு தடவைகூட வரவில்லை என்றால் நம்புவாயா? என் வீடு வந்தது, என் ஷிப்ட் வந்தது, ஆறு மணிச் சாப்பாடு வந்தது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். என் சதை அசையாமல் கிடந்தது. தீர்ப்பு வந்த பிறகுதான் ஆடியது.

நீ என் ஊரைக் கேட்டால் கோடு எனக்கு மேலே விழும் என்று தெரியும். ஆனால் உன்னை வரவேண்டாம் என்று எழுதுவதற்கு நான் எந்த முகத்தை வைத்துக்கொள்வது? ஒரு தடவை உன்னைப் பின்னால் தள்ளப் பார்த்தவனுக்கு, இரண்டாம் தடவையும் தள்ள மனசு வரவில்லை. ‘வா’ என்று எழுதிவிட்டேன். வீட்டுக்காரியிடம் உனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய். நீ வருவதற்கு முதல்நாளே கிளம்பினேன். அதற்கும் அந்த முகம்தான் காரணம்.

இங்கே என் பெட்டி பெரிய கதவோரம். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள், ஆனாலும் கடைசி இடத்தைத்தான் காட்டினார்கள். பெட்டியை அங்கேயே தள்ளி நிறுத்தினேன். மைக் செட் வேறு ஊருக்குப் போய்விட்டார். டீ அறையில் யாரும் என் பக்கத்தில் உட்காருவதில்லை. குழுவில் பேசியவன் என்று எல்லாருக்கும் தெரியும். உன் தம்பி என்று தெரியாது. நான் சொல்லவில்லை. உன்னைப் பற்றி நல்லதாக ஏதாவது பேசுவார்கள், நான் எதிர்மூலையில் கேட்டுக்கொண்டிருப்பேன்.

முடிந்தால் வாயாடிக்குத் தலை பின்னி விடு. அம்மா இழுத்துப் பின்னுகிறாள் என்று அழுவாள்.

தம்பி


செப்டம்பர் 25

அன்புத் தம்பிக்கு,

நான் இருக்கிறேன். உன் வீட்டில் தொந்தரவாக வேண்டாம் என்று இரண்டு தெரு தள்ளி ஓர் அறை பார்த்துக்கொண்டேன். என் ஒற்றைத் தட்டு இந்த ஊருக்கும் வந்துவிட்டது. உன் வீட்டுக்காரியும் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள். காய்ச்சல் ஏதும் இல்லை. நீ இருமுகிறாயா? அந்தக் கதவோரம் நின்றால் இருமல் வரும்.

நீ பேசியது எனக்கு மே மாதமே தெரியும். மைக் செட் வாழ்க்கையில் குரலைத் தாழ்த்தியது அன்றைக்குத்தான். வேறு யாராவது பேசியிருந்தால் அவர் ஹேங்கர் அதிரக் கத்தியிருப்பாரே! மெதுவாகச் சொல்ல வந்தார் என்றால் அது எனக்கு வலிக்கிற பெயர் என்று அங்கேயே விளங்கிவிட்டது. பேசியவன் என் தம்பி என்று அவர் வேறு யாரிடமும் சொல்லவும் இல்லை.

எனக்குத் தெரியும் என்று உனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் உனக்கும் ‘வராதே’ என்கிற வரியை எழுத முகம் வந்திருக்கும். நீயாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வீம்பு. இன்னொன்றும் உண்டு. நீ எழுதினாயே, ‘ஒன்றும் ஆகாது’ என்று, அது நம்புகிற மாதிரியா இருந்தது? ஒரு தகட்டைத் தட்டிப் பார்த்தால் உள்ளே விரிசல் இருக்கிறதா இல்லையா என்று விரலுக்குத் தெரிந்துவிடும் எனக்கு. உன் கடிதத்தை நான் தட்டிப் பார்க்கவே இல்லை. வர வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அதனால் நம்பினேன்.

இப்போது இடம் மாற்றிக்கொள்ள வழியில்லையாம். கேட்டுப் பார்த்தேன். அடுத்து எல்லாரும் எழுதித் தரும்போது நான் பழைய ஊரை எழுதுகிறேன். அது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். போனேன். காலியாக இருந்த நாற்காலியில் உட்காரப் போனேன். ‘அத்தை, அது அப்பா நாற்காலி’ என்றாள் உன் மகள். உன் வீட்டுக்காரி அவளை அதட்டினாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். தலை பின்னி விட்டேன், அழவில்லை.

நீ ஒன்று செய். அங்கே இனிமேல் மூலையில் உட்காராதே. என்னை அவர்கள் தகரக்காரி என்று கூப்பிடுவார்கள். விமானத்துக்குத் தகட்டால் தோல் தைக்கிறவளை இன்ஜின் ஆட்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், உனக்குத் தெரியாததா. தகரக்காரியின் தம்பி என்று சொல். சொல்லிவிட்டு என்ன வருகிறதோ வாங்கிக்கொள்.

கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு நில்.

உன் அக்கா


அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் இருக்கிறது, பெரிதாக இல்லை. உன் காது எப்படி இருக்கிறது? மருந்தை உன் மருமகளை விடச் சொல். அவளுக்குக் கை நடுங்காது.

நீ சொன்னபடி சொன்னேன். டீ நேரத்தில் எல்லாரும் இருந்தார்கள். நான் எழுந்து, நான் தகரக்காரியோட தம்பி என்றேன். நடுவர் முன்னால் பேசியபோது வந்த குரல் வரவில்லை. இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஒருவன் டம்ளரை வைத்துவிட்டு வெளியே போனான். முதல் பெட்டிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார். வாரத்துக்கு ஒரு வார்த்தை என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு ஒரு வருடத்துக்கு உள்ளதைப் பேசிவிட்டார்.

‘கடைசி நாள் அவ கையால எங்க எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தா. கெட்டிலையும் எங்கிட்டயே விட்டுட்டா. இனிமே எனக்கு இது எதுக்கு, தம்பி வீட்ல எல்லாரும் சேர்ந்து சாப்பிடப் போறோம்னு சொல்லிட்டுப் போனா. அந்தத் தம்பியா நீ?’

ஆமாம் என்றேன்.

அவர் கெட்டிலைத் தூக்கி எனக்கு ஒரு டம்ளர் ஊற்றி வைத்துவிட்டுத் தன் பெட்டிக்குப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து அதைக் குடித்தேன்.

இங்கே ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. அந்த நேரத்தில் நீங்கள் மூவரும் சேர்ந்து சாப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றில்லாமல் தினமும் போ. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள். நான்தான் சொன்னேன் என்று வாயாடியிடம் சொல்.

உன் பழைய அறையிலிருந்து,
தகரக்காரியின் தம்பி